அரை இஞ்ச் விட்டு வெட்டிய காடு

அத்தை வெட்டிய முதல் விலங்கு ஒரு மான். அதற்கு முன் இருபத்து மூன்று வருடம் அவள் வெட்டியதெல்லாம் சட்டைதான்: கை, காலர், முதுகு, பாக்கெட். ஒரு பெரிய சட்டை ஆலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தாள். நாற்பது அடுக்குத் துணியை மேஜையில் விரித்து, மேலே சாக்பீஸால் கோடு போட்டு, மின்கத்தியை அந்தக் கோட்டின் மேல் ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவாள். நடுவில் நிறுத்தவே மாட்டாள். தும்மல் வந்தால்கூட முனை வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் தும்முவாள் என்று அங்கே அவளைப் பற்றிச் சொல்வார்கள்.

ஆளைப் பார்த்தால் அவளுக்கு முதலில் தெரிவது முகம் இல்லை, அளவு. நான்கு வருடம் ஊர் சுற்றிவிட்டு முதுகுப் பையோடு அவள் வீட்டு வாசலில் நான் நின்றபோது, "எப்படி இருக்கே" என்று கேட்கவில்லை.

"இடுப்புல ரெண்டு இஞ்ச் போயிடுச்சு. வலது தோள் ஏன் இறங்கிக் கிடக்கு? பையை ஒரே பக்கமா மாட்டிட்டுத் திரிஞ்சியா? உள்ளே வா."

நான் இல்லாத காலத்தில் அவள் வாழ்க்கை தலைகீழாக மாறியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆலையை மூடிவிட்டார்கள். அத்தை வீட்டுக்கு வந்தாள். வீட்டில் மாமா இருந்தார். அதுதான் சிக்கல்.

மாமா முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸை விட்டு இறங்கினாரே தவிர, ஓட்டுவதை நிறுத்தவில்லை. அடுப்படியில் அத்தை ஒரு அடி பின்னால் வைத்தால் போதும், கூடத்திலிருந்து குரல் வரும்: "வா... வா... வா... இன்னும் கொஞ்சம் வா... போதும், நிப்பாட்டு." அலமாரியைத் திறந்தால், "லெஃப்ட்ல பார்த்து." ஈரத்துணியை உதறினால், "பின்னாடி ஆள் இருக்கு." அத்தை நான்கு மாதம் தாக்குப்பிடித்தாள். ஐந்தாவது மாதம் என் அப்பாவுக்கு, அதாவது தன் தம்பிக்கு, போன் செய்தாள்.

"டேய், எனக்கு ஒரு வேலை பார்த்துக் குடு. முடியலேன்னா ஒரு நல்ல வக்கீலைப் பார்த்துக் குடு."

அப்பாவுக்கு வக்கீல் யாரையும் தெரியாது. அதனால் வேலை கிடைத்தது.

டயர் கடைக்கு மேலே, மூன்றாவது மாடியில் ஒரு கம்பெனி. அவர்கள் ஒரு காட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு பெரிய கூடம். சுவர், தரை, கூரை எல்லாமே திரை. உள்ளே போய் நடந்தால் மரங்கள் நம்மைக் கடந்து போகும், ஓடையில் தண்ணீர் நகரும், மான் தலையைத் தூக்கி நம்மைப் பார்க்கும். உண்மையில் அங்கே ஒரு புல்கூட இருக்காது. காட்டுக்குப் போக முடியாதவர்களுக்காக ஒரு அருங்காட்சியகம் இதைக் கேட்டிருந்தது.

எங்கோ நிஜக் காட்டில் மரத்துக்கு மரம் கேமரா கட்டி லட்சக்கணக்கில் படம் எடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கரடி எப்படி இருக்கும், எப்படி நடக்கும் என்று கற்றுக்கொண்டு, தானாக ஒரு புதுக் கரடியை உண்டாக்க வேண்டும். ஆனால் கரடி எங்கே முடிகிறது, புதர் எங்கே தொடங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் மவுஸைப் பிடித்துக் கரடியைச் சுற்றிக் கோடு இழுத்து, "இதுதாம்ப்பா கரடி" என்று காட்ட வேண்டும். சில ஆயிரம் தடவை காட்டினால் பிறகு அதுவே கண்டுகொள்ளும். கோட்டுக்குள் இருப்பதை எடுத்து உருவம் கொடுத்து நடக்க விடும்.

வேலைக்கு ஆள் எடுத்தவர் இருபத்தெட்டு வயது மேனேஜர். ஒரு மான் படத்தைக் காட்டி, சுற்றிக் கோடு போடச் சொன்னார். அத்தைக்கு முன்னால் வந்தவர்கள் பத்து நிமிடம் எடுத்து, மானுக்குச் சொறி பிடித்தது போலக் கோடு போட்டிருந்தார்கள். அத்தை மவுஸை ஒரு முறை மேஜையில் தேய்த்துப் பார்த்தாள். மூச்சைப் பிடித்தாள். மூக்கில் தொடங்கி, கொம்பைச் சுற்றி, முதுகில் இறங்கி, நான்கு காலையும் வளைத்து, திரும்ப மூக்குக்கே வந்து விட்டாள். நாற்பது விநாடி. கோட்டில் ஒரு நடுக்கம் இல்லை.

"இதுக்கு முன்னாடி எங்கே வேலை பார்த்தீங்க ஆன்ட்டி?" என்று கேட்டார் மேனேஜர்.

"சட்டை."

அன்றே சுழலும் நாற்காலி ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். இருபத்து மூன்று வருடம் நின்றே வேலை பார்த்தவளுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை. அதுவும் சுற்றுகிற நாற்காலியில். காலை ஒன்பதுக்கு மாமாவை விட்டுக் கிளம்பினால் மாலை ஆறு வரை யாரும் "நிப்பாட்டு" சொல்ல மாட்டார்கள். அத்தைக்கு இதற்கு மேல் சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அது இரண்டாம் பட்சம்தான்.

அந்த அறையில் அத்தையோடு சேர்த்து ஆறு பெண்கள். ஒருத்தி முன்பு தபால் பிரித்தவள், ஒருத்தி பல் டாக்டரிடம் உதவிக்கு இருந்தவள், மற்ற மூவரும் கல்யாண ஆல்பம் ஒட்டியவர்கள். நாலு கால் பிராணி, ஊர்வன எல்லாம் இவர்களுக்கு. நடைக்கு அந்தப் பக்கம் இன்னொரு அறை உண்டு. அதன் கதவு எப்போதும் மூடியே இருக்கும். இரண்டாவது நாளே அத்தை பக்கத்து நாற்காலியை எட்டிப் பார்த்தாள். பல் டாக்டரிடம் இருந்தவள் ஒரு முயலின் காதை ஒட்ட ஒட்டக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது, இவ்வளவு ஒட்ட வெட்டுறே? அடுத்தவளுக்குக் கை வைக்க எடம் வேணாமா? சுத்தி அரை இஞ்ச் விடு."

"அப்படியாக்கா? யாரும் சொல்லவே இல்லையே."

"நான் சொல்றேன்ல."

மறுநாள் அத்தை வீட்டிலிருந்து பழைய அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய், அரை அரை இஞ்சாக வெட்டி, ஆறு திரையிலும் ஓரத்தில் ஒட்டினாள். படத்தைப் பெரிதாக்கும் அளவை இருநூறில் நிறுத்தி, "தொடாதே" என்று சீட்டும் எழுதி ஒட்டினாள். அதன் பிறகு அந்த அறையில் யானையானாலும் எலியானாலும் சுற்றி அரை இஞ்ச்.

மேனேஜருக்கு இது தெரியாது. அவர் படங்களைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்ப்பார். ஒரே படத்தை ஆறு பேருக்கும் கொடுத்து, ஆறு கோடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று கம்ப்யூட்டரே சோதிக்கும். ஒத்துப்போனால் சரி என்று அர்த்தம். இந்த அறையில் ஆறு கோடும் ஒட்டிப் பிறந்தது போல ஒத்துப்போயின. மூன்று மாதம் தொடர்ந்து முதலிடம். கேக் வெட்டினார்கள், அதையும் அத்தைதான் வெட்டினாள்.

நான் திரும்பி வந்தபோது அவள் அந்த வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. என் பயணத்தில் நான் பெருமையாக நினைத்திருந்த விஷயம் ஒரு கரடி. ஒரு மலைச்சரிவில் பதினொரு நாள் காத்திருந்து பார்த்தது. படத்தைக் காட்டினேன். அத்தை போனை வாங்கி இரண்டு விரலால் பெரிதாக்கினாள்.

"ஒண்ணுதானா?"

"பதினொரு நாள் அத்தை."

"பின்னங்கால் புதருக்குள்ள போயிடுச்சு பாரு. நான் போன மாசம் நானூறு பார்த்தேன், எல்லாம் நாலு காலோட." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "இது கொஞ்சம் மெலிஞ்ச கரடி. இடுப்பு பத்தல."

இவளுக்கு நேரில் தெரிந்த ஒரே காட்டு விலங்கு பல்லி. அதைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பாள்.

அந்த வாரம் புதன்கிழமை, காட்டுக்குள் ஆட்களை விட்டு ஒத்திகை பார்க்கப் போகிறார்கள் என்று சொன்னாள். திங்கட்கிழமை அருங்காட்சியகத்திலிருந்து இயக்குநர் அம்மா வருகிறார். அதற்கு முன் வேலை செய்பவர்களின் வீட்டு ஆட்கள் எல்லாம் வந்து நடந்து பார்க்கலாம். மாமா இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "எட்டு மாசமா என்னதான் பண்றாள்னு பார்த்துடுறேன்" என்றார்.

கூடத்தில் விளக்கு அணைந்தது. பிறகு மெதுவாக விடிந்தது.

பொய் சொல்லக் கூடாது, நான் நிறையக் காடு பார்த்தவள். எனக்கே ஒரு நிமிடம் மூச்சு நின்றது. தூரத்தில் மூடுபனி. இலைகளுக்கு நடுவே சாய்வாக வெயில். காலடியில் ஓடை. மாமா தன்னையறியாமல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார், நனையாமலிருக்க. பிறகு பாறை மேல் மான் வந்தது.

மானைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை. மூக்கிலிருந்து வால் வரை, வேறு ஏதோ காட்டின் இலையும் புல்லும் அதன் உடம்போடு ஒட்டிக்கொண்டு நடந்தன. வெறும் பாறையில் தன் புல்லைத் தானே சுமந்துகொண்டு வந்தது அந்த மான். பின்னாலேயே யானை, முதுகில் ஒரு கோடு நீலவானம், பாதத்தில் புழுதி. முதலை தன் சேற்றுக்கரையையும் கூடவே எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கியது. மலைப்பாம்பு, உறை போட்ட திண்டுத் தலையணை போலப் புரண்டு போனது.

"எல்லாம் ஸ்வெட்டர் போட்டிருக்கு" என்றார் மாமா. "குளிர்ப் பிரதேசம் போலிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜரின் முகத்தில் ரத்தம் இல்லை. கிளைகளில் இருந்த பறவைகளுக்கு மட்டும் கரை இல்லை.

அத்தை சுவரை நோக்கி நடந்தாள். மானுக்குப் பக்கத்தில் போய் நின்று, அதன் கரையில் கட்டைவிரலை வைத்து, முதுகில் ஓரிடம், வயிற்றில் ஓரிடம், தொடையில் ஓரிடம் என்று அளந்தாள். திரும்பினாள். முகத்தில் நிம்மதி.

"எங்க வேலை சரியாத்தான் இருக்கு தம்பி. எல்லா எடத்துலயும் ஒரே அளவு. அவங்கதான் மடிச்சுத் தைக்காமலே அனுப்பிட்டாங்க."

"யாரு ஆன்ட்டி?"

"தையல் செக்‌ஷன்."

"எந்தத் தையல் செக்‌ஷன்?"

"எதிர் ரூம்ல. கதவை மூடிட்டு உக்காந்திருக்காங்களே."

"அவங்க பறவை பார்க்கிறவங்க, ஆன்ட்டி."

அத்தைக்குப் புரிய நான்கு விநாடி ஆயிற்று. அதற்குள் இன்னொரு மான் கரையோடு வந்து, முதல் மானின் கரையை மிதித்துக்கொண்டு போனது.

மேனேஜர் நல்லவர், கத்தவில்லை. திங்கட்கிழமை இயக்குநர் அம்மா இதைப் பார்த்தால் வேலை கைவிட்டுப் போகும், மேலிடத்தில் இந்த அறையையே மூடச் சொல்லிவிடுவார்கள் என்றார். பிறகு, "இப்படி அரை இஞ்ச் விடச் சொன்னது யாரு?" என்று கேட்டார்.

ஆறு பெண்களும் தரையைப் பார்த்தார்கள். தரையும் திரைதான், கரை வைத்த ஆமை ஒன்று அவர்கள் காலுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றாள் அத்தை. "இவங்க நான் சொன்னதைச் செஞ்சாங்க. அனுப்புறதா இருந்தா என்னை மட்டும் அனுப்புங்க."

"அக்கா போனா நாங்களும்..." என்று ஆரம்பித்த பல் டாக்டரிடம் இருந்தவள், என்ன சொல்லப் போகிறோம் என்று நடுவில் யோசித்துவிட்டு, "ரொம்ப வருத்தப்படுவோம்" என்று முடித்தாள்.

நாளைக்கு வர வேண்டாம், போனில் சொல்கிறேன் என்றார் மேனேஜர்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மாமா தானாகவே டீ போட எழுந்தார். பின்னால் போன என்னிடம் கிசுகிசுத்தார்.

"வேலை போயிடுமாம்மா?"

"தெரியல மாமா."

"போகக் கூடாது."

இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. அதற்குள் அவர் அலமாரியைத் திறந்து காட்டினார். "பாரு. எட்டு மாசமா கஷ்டப்பட்டு டப்பாவை எல்லாம் நம்பர் போட்டு வரிசையா நிறுத்தியிருக்கேன். டீ ஏழாம் நம்பர். அவ வந்து உக்காந்தா ஒரே நாள்ல கலைச்சிடுவா."

டீயை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம் நீட்டினார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்தான்.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு. நான் ஒரு தடவை புது ரூட்ல தப்பான தெருவுல வண்டியை விட்டுட்டேன். சந்து. திருப்ப முடியாது. உள்ளே அறுபது பேர். இறக்கி விட்டுட்டா வந்தேன்? எத்தனை கம்பம் தாண்டி உள்ளே வந்தோம்னு எண்ணியிருந்தேன். பதினாலு. அதே பதினாலு கம்பம் பின்னாடியே வந்து நேர் ரோட்டுல ஏறிட்டேன். எவ்வளவு தப்பாப் போனோம்னு தெரிஞ்சா போதும்டி. தெரியாதவன்தான் மாட்டுவான்."

அத்தை டீயை வாங்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவள் அவர் பேச்சை முழுதாகக் கேட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை, வர வேண்டாம் என்று சொன்ன ஆபீசுக்கு ஒன்பதுக்கே போய் நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அறுபதாயிரம் கோடு ஆன்ட்டி. திரும்பப் போட மாசக்கணக்கா ஆகும். நமக்கு நாலு நாள்."

"சட்டை பெருசாப் போச்சுன்னா புதுசா துணி வாங்குவீங்களா தம்பி? உள்ளே பிடிச்சா போதும்."

"கையாலயா?"

"கை எதுக்கு? அந்த மிஷினை எல்லாக் கோட்டையும் அரை இஞ்ச் உள்ளே தள்ளச் சொல்லுங்க."

மேனேஜர் பொறுமையாக விளக்கினார். அப்படிச் சொல்லலாம், ஒரு கட்டளை போதும். ஆனால் ஆறு பேரும் எட்டு மாதமும் எல்லா இடத்திலும் ஒரே அளவு விட்டிருந்தால்தான் அது பலிக்கும். மனிதர்கள் யாரும் அப்படி வேலை செய்வதில்லை.

அத்தை அவர் கையைப் பிடிக்காத குறையாக அறைக்குள் கூட்டிப் போனாள். ஆறு திரையிலும் ஒட்டியிருந்த நாடாத் துண்டுகளைக் காட்டினாள். இருநூறு, தொடாதே என்ற சீட்டைக் காட்டினாள். மேனேஜர் ஒவ்வொரு திரையாகக் குனிந்து பார்த்துவிட்டு, அத்தையின் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தைக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சமயம் அப்படி.

அரை இஞ்ச் என்பது படத்தில் இருபத்து நாலு புள்ளி. ஒரு முயலை எடுத்து இருபத்து நாலு புள்ளி உள்ளே தள்ளினார். கரை போயிற்று, முயல் மட்டும் நின்றது, மீசை முடி தப்பாமல். தபால்காரி போட்ட நரி. சரி. ஆல்பம் ஒட்டியவளின் பாம்பு. திண்டு இளைத்துக் கயிறாயிற்று. கரடியில்தான் தகராறு, சலூனில் சிரைத்துவிட்டது போல வந்தது.

"அதுக்கு முடி வெளியே சிலும்பி நிக்குமே" என்றாள் அத்தை. "அந்த முடியையும் தையலுக்கு விட்ட துணி கணக்குலயே சேர்த்துட்டோம். கரடிக்கு மட்டும் பாதி பிடிங்க."

பன்னிரண்டு புள்ளி. கரடி வந்தது. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் போட்டு, திரும்ப முதலிலிருந்து கற்கவிட்டார்கள். அதற்கு மூன்று நாள். அந்த மூன்று நாளும் அத்தை வீட்டில் இருந்தாள். மாமா ஏழாம் நம்பர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

திங்கட்கிழமை ஆறு பெண்களும் சுவரோரம் நின்றார்கள். நான் வாசலருகே நின்றேன். இயக்குநர் அம்மா குள்ளமாக, காதோரம் பென்சில் செருகிக்கொண்டு வந்தார். அதிகம் பேசுகிறவர் இல்லை. விடிந்தது. மான் பாறையில் ஏறி, பாறையில் இருந்தது. புல் புல்லின் இடத்தில் இருந்தது. கரடி பக்கவாட்டில் வந்தபோது இயக்குநர் அம்மா ஒரு அடி பின்வாங்கினார். தபால்காரி என் கையைக் கிள்ளினாள். எல்லாம் முடிந்தது என்று மேனேஜர் மூச்சு விடும் நேரத்தில், புதரிலிருந்து ஒன்று வெளியே வந்தது.

பூனையைவிடப் பெரியது. மழமழவென்று இருந்தது. உருண்டையாக, எதற்கோ வெட்கப்படுவது போல நடந்தது.

"இது என்ன?" என்றார் இயக்குநர்.

அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. முள்ளம்பன்றி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளையே விட்ட துணியாக எண்ணி, அதற்கு மேல் அவள் எதுவும் விடவில்லை. அதை யாரிடமும் சொல்ல மறந்துவிட்டாள். கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்டு முள் முழுவதையும் உள்ளே பிடித்துவிட்டது.

"முள்ளம்பன்றிங்க" என்றாள் அத்தை. "குட்டி. இன்னும் முள்ளு மொளைக்கல."

"இவ்வளவு பெரிய குட்டியா?"

"நல்ல தீனிங்க."

இயக்குநர் அம்மா அத்தையைப் பார்த்தார். விலங்குகளோடு முப்பது வருடம் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு பென்சிலை எடுத்து, கையிலிருந்த தாளில் எழுதினார்: முள்ளம்பன்றி, முள் வேண்டும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில், "அடுத்தது கடல். அதையும் இவங்களே பண்ணட்டும்" என்றார்.

மாமா அன்று மாலை எங்களுக்குக் கதவைத் திறந்தபோதே விஷயம் தெரிந்துகொண்டார். "ரைட்டு, போகலாம்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு டப்பாவை அலமாரியில் வைக்கப் போனார்.

அத்தை சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கவலை வந்துவிட்டது. புது வேலையின் முதல் படத்தைப் போனில் எடுத்து வந்திருந்தாள். கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். நீலத்தண்ணீரில் ஒரு ஜெல்லி மீன், கண்ணாடிக் குடை போல.

"நீ கடலுக்குள்ள இறங்கியிருக்கேல்ல? இதைப் பார்த்திருக்கியா?"

"நிறைய பார்த்திருக்கேன் அத்தை. கூடவே நீந்தியிருக்கேன்."

"அப்பாடா. இங்கே பாரு. இது உடம்பு வழியா அந்தப் பக்கம் தண்ணி தெரியுது. கீழே நூல் நூலாத் தொங்குது, நூலுக்கு நடுவுலயும் தண்ணி. இந்தத் தண்ணி மீனோட சேர்த்தியா, கடலோட சேர்த்தியா?"

நான் படத்தைப் பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். மூன்று கடலில் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அது பட்டுக் கை எரிந்தும் இருக்கிறது.

"தெரியல அத்தை."

"நாலு வருஷம் எங்கேதான் சுத்தினே?" என்றாள் அத்தை. "காலைல ஒன்பது மணிக்குள்ள யோசிச்சுச் சொல்லு."